படத்துக்கும் பாட்டுக்கும் ஒரே பெட்டி

கடையில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. கீழ்த்தளத்தில் டிவி விற்பவர்களும் வாஷிங் மெஷின் விற்பவர்களும் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்க, இவர் மட்டும் மாடியில், ஜன்னல் இல்லாத டெமோ அறையில், இருபத்திரண்டு வருடமாக ஹோம் தியேட்டர் விற்றுக்கொண்டிருந்தார். சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை. ஐந்து ஸ்பீக்கர், மூலையில் குமுறுவதற்கென்றே ஒரு சப்வூஃபர், நடுவில் இவை அத்தனையையும் மேய்க்கிற ரிசீவர் பெட்டி. தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறக்கும், முதுகுக்குப் பின்னால் மழை பெய்யும், பக்கத்தில் கண்ணாடி நொறுங்கும். அந்தக் கண்ணாடி ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை நொறுங்கியது. மனிதன் எத்தனை தடவைதான் அதற்கு ஆச்சரியப்படுவான்?

வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். படமும் பார்க்க வேண்டும், பாட்டும் நன்றாக இருக்க வேண்டும், எந்தப் பெட்டி எடுக்கலாம்? அவரிடம் அதற்கு ஒரு மனப்பாடப் பதில் இருந்தது. அட்டையில் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பாதீர்கள், அது கல்யாணத் தரகர் சொல்லும் வயது மாதிரி. பெட்டியைத் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது. வித்தைகளை எல்லாம் தூங்கவைத்துவிட்டு முன்னால் இருக்கிற இரண்டு ஸ்பீக்கரை மட்டும் பாட விடுகிற பட்டன் ஒன்று இருக்கும், அதை அழுத்திப் பாட்டு கேளுங்கள். அதில் தேறினால் படம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். பாதி நாள் தூக்கத்தில்தான் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

ஒன்றை மட்டும் சொல்லமாட்டார். இரண்டு பெட்டிகளை மாற்றி மாற்றிப் போடும்போது, விற்க வேண்டிய பெட்டியை ஒரு மயிரிழை சத்தம் கூட்டி வைத்தால் போதும், எப்பேர்ப்பட்ட ரசிகனும் அதைத்தான் கை காட்டுவான். தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். அவர் கை அதைத் தானாகவே செய்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஸ்பீக்கரில், டிரம்ஸோடு சேர்ந்து சிணுங்குகிற சிம்பல் தட்டின் ஓசை காணாமல் போயிற்று. ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்கு அனுப்பினார். அடுத்ததிலும் காணோம். அதையும் அனுப்பினார். மூன்றாவதும் போய்த் திரும்பி வந்தபோது மெக்கானிக் கூடவே வந்து, சார், ஸ்பீக்கர் எல்லாம் கல்லு மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்டது எது என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. சாவிக்கொத்துச் சத்தம், குக்கரின் மெல்லிய சீறல், பெண்களின் தாழ்ந்த பேச்சு எல்லாம் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தன. யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. ஊர் முழுக்கக் காதுக்காரர் என்று கூப்பிடுகிற ஒரு மனிதன் இதை யாரிடம் போய்ச் சொல்வான்? முதலாளிக்குத் தெரிந்தால் மறுநாளே வாஷிங் மெஷின் பக்கம் நிறுத்திவிடுவார்.

அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். கடையில் அது சுலபமாகவே இருந்தது. வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். புருவம் உயர்ந்தால், கவனிச்சீங்களா என்பார். என்ன காது ஐயா உங்களுக்கு என்று அவர்கள் வியந்துவிட்டுப் போவார்கள். வீட்டில் அதைவிடச் சுலபம். மனைவி எது சொன்னாலும் ஒரு 'ம்' போட்டால் போயிற்று.

மனைவி நூலகத்தில் முன்மேசையில் இருந்தாள். சத்தம் போடாதீர்கள் என்பதைக்கூடச் சத்தமில்லாமல் சொல்லி இருபத்தாறு வருடம் தள்ளியவள். அவள் குரல் அடுத்த நாற்காலியைத் தாண்டாது. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் பேச்சு இன்னும் குறைந்துவிட்டது. வயதானால் வீடு இப்படித்தான் அடங்கும் போலிருக்கிறது என்று காதுக்காரர் நினைத்துக்கொண்டார். கண்ணாடி நொறுங்குவதையே கேட்டுவிட்டு வருகிறவருக்கு அந்த அமைதி வசதியாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால், அதற்காக அவர் கொஞ்சம் நன்றியோடுகூட இருந்தார்.

அடுத்த மாதம் அவளுக்குப் பணி ஓய்வு. தனக்கென்று எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள், ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தை வைத்தாள். 'ஓய்வுக்குப் பிறகு பகல் முழுக்க வீட்டில் இருப்பேன். பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும் ஒரு நல்ல பெட்டி வேண்டும். நீங்களே பார்த்து எடுங்கள்.' அவர் படித்துவிட்டு ஒரு 'ம்' போட்டார்.

ஊரெல்லாம் அவர் பேச்சை நம்பிப் பெட்டி வாங்கியது. அந்த மனப்பாடத்தையே வீட்டிலும் ஒப்பித்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். மனம் ஒப்பவில்லை. கட்டிய நாளிலிருந்து அவள் கேட்ட ஒரே பொருள், அதையாவது தன் காதால் கேட்டுப் பொறுக்கித் தர வேண்டும் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. அந்தக் காதுதான் இல்லையே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அதற்கும் ஒரு 'ம்' போட்டார்.

கடைசியில் இரண்டு பெட்டிகள் நின்றன. ஒன்று பழைய மாடல், தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்கிற கனம். மற்றது புதிது, ஒல்லி, ஆனால் பாட்டில் பழசை ஓரம் கட்டிவிடும் என்று கீழ்த்தளத்தில் பேச்சு. மனைவியின் வார விடுமுறையன்று, கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் அவளை வரச் சொன்னார். அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு பெண் குரலும் ஒரு கிதாரும் பின்னால் மெல்லிய சிம்பலும் உள்ள பாட்டைப் போட்டார். சிம்பல் வரவில்லை. கீச்சு ஒலிகளைத் தூக்கிக் காட்டும் ட்ரெபிளை ஒரு புள்ளி கூட்டினார். இன்னும் ஒன்று. இன்னும் இரண்டு. அளவுகோல் கடைசிப் புள்ளியைத் தொட்டபோது, இரண்டு வருடமாகக் காணாமல் போயிருந்த அந்தச் சிணுங்கல் திரும்பி வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றப் பெட்டியிலும் அதே அளவுக்குக் கூட்டினார். பிறகு இரண்டின் சத்தத்தையும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் சமமாக்கினார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் ஏற்பாடு செய்த ஒரே யோக்கியமான டெமோ அது.

மனைவி வந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் உட்காரும் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் முதல் பெட்டியைப் பாட விட்டார். அவள் முகம் சுருங்கியது. ரசிக்கிறாள் என்று நினைத்தார். இரண்டாவதைப் போட்டார். அவள் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

"அதேதான், நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார்.

அவள் எழுந்து வந்து, அவர் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிப் பாட்டை நிறுத்தினாள். திரையில் அந்த அளவுகோல் கடைசிப் புள்ளியில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். ஊசியை எடுத்துக் காதில் குத்துகிற மாதிரி கிறீச்சிடுகிறதே, இது உங்களுக்குத் தெரியவில்லையா என்று நேருக்கு நேர் நின்று கேட்டாள். முகம் பக்கத்தில் இருந்ததால் அவருக்குப் புரிந்தது. அளவாகத்தானே வைத்திருக்கிறேன் என்றார்.

அவள் திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. தோள் லேசாக அசைந்தது.

"ம்" என்றார் அவர்.

அவள் திரும்பி அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "இப்ப நான் என்ன சொன்னேன்?"

இருபத்திரண்டு வருடமாக எவன் என்ன கேட்டாலும் வாயில் பதில் வைத்திருந்தவர், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவமானமாக இருந்தது. அதற்குள்ளேயே, இனி மறைக்க வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதியும் இருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். இந்தச் சேதிக்கு அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ரெண்டு வருஷமா நான் பேசினா நீங்க திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. எதுக்கும் ஒரு 'ம்'. என் பேச்சு உங்களுக்கு அலுத்துப்போச்சுன்னு நினைச்சேன். நினைச்சு நினைச்சு, பேசறதையே விட்டுட்டேன்."

வயதானதால் அடங்கியது என்று அவர் நினைத்த வீடு அது. அந்த அமைதியில் கால் நீட்டித் தூங்கியிருக்கிறார். எதிர் நாற்காலியில் ஒருத்தி ஒவ்வொரு வார்த்தையாக விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர் கண்ணில் படவே இல்லை. காதுதானே போயிற்று, கண்ணுக்கு என்ன வந்தது? தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தார். அது வாடிக்கையாளரிடம் பழைய ஸ்டாக்குக்காகச் சொல்லுகிற வார்த்தையாகப் பட்டதால் வாய் வரவில்லை.

கீழ்த்தளத்துப் பையன்களில் ஒருவன் கதவைத் திறந்து, எந்தப் பெட்டியை பேக் பண்ணட்டும் என்று கேட்டான். அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டுக் கதவை நன்றாகச் சாத்தினார்.

"சுவரைப் பார்த்து என்ன சொன்னே?" என்று கேட்டார்.

ஒன்றுமில்லை, விடுங்கள் என்று அவள் கை காட்டினாள். அவர் விடவில்லை. நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டு காதைச் சாய்த்தார். அவள் நூலகத்துக் குரலில் ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்தினாள், அது அவருக்கு எட்டாது என்பது நினைவுக்கு வந்தது போல. தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு, அவர் அதுவரை அவளிடம் கேட்டிராத உரத்த குரலில் சொன்னாள்.

"வீட்டுல என்னோட பேச ஆள் இல்லைன்னுதான் இந்தப் பெட்டியைக் கேட்டேன்."

பஞ்சுப் பலகை ஒட்டிய அறை என்பதால் கீழே யாருக்கும் கேட்டிருக்காது. அவருக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.