எண்ணெய் குடித்த காரும் இரண்டு ரகசியங்களும்

போன மாதம் ஒரு சாயங்காலம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வேலை பார்க்கும் என் மனைவி ஜெயாவை காரில் ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் திரும்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒரு சாட்சி கூண்டில் ஏறியதும் எல்லாவற்றையும் மாற்றிச் சொன்ன கதையை ஜெயா சுவாரஸ்யமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு. மூக்கு நீண்ட எண்ணெய்க் கேன், நுனியில் ஒரு சொட்டு.

"அது என்னங்க?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

கார் ஓட்டுகிற கணவர்கள் எல்லோரும் சொல்லும் பதில் அதுதானே!

ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். என்ஜினுக்குள் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் நீளமான கம்பி அது. நுனியில் பேருக்குக்கூட ஈரம் இல்லை. பக்கத்து பெட்ரோல் பங்க்கில் ஒரு கேன் ஆயில் வாங்கி ஊற்றி, ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தோம்.

இத்தனைக்கும் நாங்கள் அந்த காரை வாங்கி அதிக நாள் ஆகவில்லை. வாங்கிய கையோடு எங்கள் மெக்கானிக் அந்தோணி பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றித் தந்திருந்தார். அது எங்கே போனது? தரையில் ஒரு சொட்டு இல்லை. ஆவியாகவா போகும்?

ஆவியாகத்தான் போயிருக்கிறது. அதை முதலில் பார்த்தவர் எதிர்வீட்டு ராஜு சார். மறுநாள் காலையில் நான் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் கேட்டுக்கு வந்தவர், "ஏமண்டி சார், முனிசிபாலிட்டில கொசு மருந்து அடிக்க வந்துட்டாங்களோன்னு ஜன்னலைச் சாத்திட்டேன்" என்றார். திரும்பிப் பார்த்தேன். சைலன்சரிலிருந்து நீலமாகப் புகை.

தென்காசி ரோட்டில் இருக்கிற அந்தோணியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். எண்ணெய்க் கசடு அப்பிக் கிடந்தது.

"கீழே ஒழுகலை சார். உள்ளயே எரியுது. பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கலாம், வால்வு சீல் போயிருக்கலாம். திறந்தாத்தான் தெரியும். அதுக்கு முன்னாடி கொஞ்சம் திக்கான ஆயில் ஊத்திப் பார்ப்போமா?"

ஊற்றிப் பார்த்தோம். அதையும் குடித்தது. பெட்ரோலைவிட ஆசையாகக் குடித்தது.

அடுத்த முறை போனபோது அந்தோணி முகத்தைச் சுளித்தார். "இனிமே இப்படியே ஓட்டுனா ஒருநாள் என்ஜின் ஜாம் ஆயிரும் சார். நடு ரோட்டுல நிக்கும். இறக்கிப் பார்த்துருவோம்."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த காரை நாங்கள் யாரோ புரோக்கரிடம் வாங்கவில்லை. எங்களுக்கு விற்றவர் ராமசுப்பு — ஜெயாவின் சொந்த அண்ணன், என் மச்சான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வீடு மடவார் வளாகத்தில். ஜெயாவுக்கு முழங்கால் வலி. பஸ் படியில் ஏறி இறங்கச் சிரமப்படுகிறாள் என்று தெரிந்ததும், அவராகவே கூப்பிட்டு, "மாப்ள, நம்ம வண்டியை எடுத்துக்கிடுங்க" என்றார்.

வாங்கும்போது அந்தோணியிடம் ஒருதரம் காட்டிவிடலாமே என்றேன். ஜெயா பார்த்த பார்வை இருக்கிறதே... "எங்க அண்ணன் வண்டியை நீங்க டெஸ்ட் பண்ணுவியளோ?"

நான் ஏன் டெஸ்ட் பண்ணப் போகிறேன்!

இப்போது என்ஜினை இறக்க வேண்டும் என்றதும் அதே ஜெயா போனை எடுத்தாள். "அண்ணே, கோளாறுன்னு தெரிஞ்சேதான் எங்க தலையில கட்டுனியா? கூடப்பொறந்தவகிட்டயா இந்த வேலையைக் காட்டுவ?"

அந்தப் பக்கம், "என்னட்டி சொல்லுத?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. ஜெயா போனை வைத்துவிட்டாள். பிறகு சமையலறைக்குள் போய், பாத்திரங்களைச் சத்தமாக அடுக்க ஆரம்பித்தாள். எல்லாம் அண்ணன் கடைப் பாத்திரங்கள்.

"மச்சான் அப்படிச் செய்யிற ஆள் இல்லையே ஜெயா" என்றேன்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

சரி, ஒத்து ஊதலாம் என்று, "ஒருவேளை தெரிஞ்சே செஞ்சிருப்பாரோ?" என்றேன்.

"எங்க அண்ணனைப் பத்திப் பேசாதிய!"

இதில் நான் எந்தப் பக்கம் நிற்பது? நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் காலையில் நாங்கள் பல் விளக்கி முடிக்குமுன் ராமசுப்பு மச்சான் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். கடையைத் திறக்கவில்லை. முகம் வீங்கியிருந்தது. தங்கச்சி கொடுத்த காபியைத் தொடவில்லை.

"மாப்ள, வண்டியை நான் திரும்ப எடுத்துக்கிடுதேன். நீங்க கொடுத்தது அப்படியே உங்களுக்கு வந்துரும். ஆனா ஒண்ணு... சத்தியமா எனக்குத் தெரியாது மாப்ள. எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாதே!"

உண்மைதான். மச்சானுக்கு சைக்கிளைத் தாண்டி எதுவும் ஓட்டத் தெரியாது. முன்பு கடைக்கு ஒரு டிரைவர் இருந்தார். அவர் வெளிநாடு போனதும், வீட்டு வாசலில் தூசி படிந்து நின்ற காரை ஒருநாள் வெளியே எடுத்தவர் மச்சானின் மனைவி கோமதி அக்கா. ஐம்பது வயதுக்கு மேல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். கற்றுக்கொண்டார். ஆட்டோவும் மாடும் அடைத்துக்கொண்டு நிற்கிற தெருவில் அலுங்காமல் ரிவர்ஸ் எடுப்பார். மச்சான் இடதுபக்க சீட்டில் பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். அந்தக் காட்சியைப் பார்க்காதவர் அந்த வட்டாரத்தில் கிடையாது.

"அப்போ மதினிக்குத் தெரிஞ்சிருக்கும்ல?" என்றாள் ஜெயா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கோமதி அக்கா அப்போது கோயம்புத்தூரில் இருந்தார். மகளுக்குப் பிரசவம். போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாங்கள் அவரிடம் போனில் பேசினாலும் பேச்செல்லாம் பிள்ளை பால் குடித்ததா, தூங்கியதா என்பதுதான். காரைப் பற்றிப் பேச்சே வந்ததில்லை.

மச்சான் அங்கேயே போன் போட்டார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏட்டி கோமதி, ஒண்ணு கேக்கேன். நம்ம வண்டி எண்ணெ குடிக்குமா?"

அந்தப் பக்கம் பிள்ளை அழுகிற சத்தம். அதற்கு மேலாக அக்காவின் குரல், மெதுவாக: "உங்களுக்கு யாரு சொன்னா?"

"மாப்ளதான். ராஜபாளையத்துல ஒர்க்‌ஷாப்ல காட்டுனாராம்..."

"நம்ம வண்டிக்கு ராஜபாளையத்துல என்ன வேலை?"

ஜெயா மச்சானைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

ஒரே போனில் இரண்டு ரகசியமும் உடைந்துவிட்டது. வண்டி எண்ணெய் குடிப்பதை அக்கா மச்சானிடம் சொல்லவில்லை. வண்டியை விற்றதை மச்சான் அக்காவிடம் சொல்லவில்லை!

"நான் வாரேன்" என்றார் அக்கா. போன் நின்றது.

சொன்னபடியே அந்த வாரம் வந்துவிட்டார். மகளின் மாமியாரிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, பஸ் ஏறி, சொந்த வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அந்தோணியின் ஒர்க்‌ஷாப்புக்கு, கையில் துணிப்பையோடு. நாங்களும் மச்சானும் அங்கேதான் இருந்தோம். கார் பானெட் திறந்து நின்றது. உள்ளே என்ஜின் இல்லை. அது தனியாக ஒரு மேசைமேல் பிரித்துக் கிடந்தது.

அக்கா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. காருக்குப் பக்கத்தில் போய், அந்தக் காலியான இடத்தைப் பார்த்தபடி நின்றார். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பார்களே, அப்படி.

"பிழைச்சுக்கிடுமா தம்பி?" என்று அந்தோணியைக் கேட்டார்.

"ரிங்குதான் அக்கா தேஞ்சிருக்கு. சீலும் இறுகிப் போச்சு. ரெண்டையும் மாத்திட்டா நல்லா ஓடும்."

அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார். "டிக்கில, ஸ்டெப்னிக்கு அடியில பாக்கலையா நீங்க?"

நான் போய் ஸ்டெப்னி டயரைத் தூக்கினேன். அடியில், பழைய சேலைத் துணியில் சுற்றி, பாதி காலியான ஒரு கேன் ஆயில். கூடவே ஒரு சின்னப் புனல்.

"செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை ஊத்துவேன். இவிய கடைக்குப் போன பொறவு" என்றார் அக்கா.

மச்சான் அந்தக் கேனை வாங்கிப் பார்த்தார். "எங்கிட்டச் சொன்னா என்னட்டி?"

"சொன்னா வித்திருப்பிய! பழைய மிக்ஸி சத்தம் போட்டுச்சுன்னு அன்னைக்கே தூக்கிப் போட்டவுகதானே நீங்க? வண்டி போனா... பொறவு எங்க போகணும்னாலும் யாராவது கூட்டிட்டுப் போகணும்னு நான் உக்காந்து கிடக்கணும். இந்த வயசுல இப்போதான் நானா கிளம்பிப் போறேன், நானா வாரேன்."

"நான் அதுக்காக விக்கலட்டி. நீ வரும்போது புது வண்டி நிக்கணும்னு நினைச்சேன். கியரே போட வேண்டாமாம், ஆட்டோமேட்டிக். புக்கே பண்ணிட்டேன். உனக்குக் கை வலிக்குதுன்னு சொல்லுவேல்ல..."

பாத்திரக்கடையில் இத்தனை வருஷம் யாரிடமும் பேரத்தில் தோற்காத மனுஷன், கிரீஸ் நாற்றமடிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் விடவில்லை. "புதுசு வாங்குங்க, வாங்காம போங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க?"

ஜெயா மெதுவாக அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள். "தப்பாப் பேசிட்டேன்ணே" என்றாள். அவர் அவள் தலையில் கையை வைத்தார். அவ்வளவுதான். அண்ணன் தங்கைக்குள் சண்டை முடிய அதற்குமேல் என்ன வேண்டும்?

இரண்டு நாள் கழித்து எல்லோரும் மறுபடி ஒர்க்‌ஷாப்பில் கூடினோம். அந்தோணி என்ஜினைத் திரும்பப் பூட்டி, ஸ்டார்ட் செய்து காட்டினார். புகையே இல்லை. டிரையல் பார்க்க வண்டியை யார் எடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். மச்சான் வழக்கம்போல இடதுபக்கம், கைப்பிடியைப் பிடித்தபடி. நானும் ஜெயாவும் பின்னால்.

சோழபுரம் வரைக்கும் போனோம். மேற்கே மலை முழுக்க மேகம். அக்கா ஜன்னலை இறக்கிவிட்டு, என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டபடி ஓட்டினார். கியர் மாற்றும்போது ஒரு குலுக்கல்கூட இல்லை. நான் ஓட்டியபோது அதே கார் நெல் மூட்டை ஏற்றிய வண்டி மாதிரிதான் போகும். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்து நின்றதும் அக்கா சாவியை எடுத்தார். ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தார். பிறகு பின்பக்கம் திரும்பி ஜெயாவிடம் நீட்டினார். "இந்தா ஜெயா. முழங்கால் வலியோட நீ பஸ் ஏறக் கூடாது. உங்களுக்கு வித்தது வித்ததுதான்."

ஜெயா வாங்கவில்லை.

"இல்ல மதினி. உங்ககிட்ட யாருமே கேக்கல. இப்போ நான் கேக்கேன். இந்த வண்டியை நாங்க வாங்கிக்கிடட்டுமா?"

அக்கா அவளைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார்.

"முடியாது" என்றார்.

யார் முதலில் சிரித்தது என்று ஞாபகம் இல்லை. அந்தோணிகூட, கையில் ஸ்பேனரோடு, என்ன விஷயம் என்று தெரியாமலே சிரித்தார். அக்காவோ சிரித்துக்கொண்டே அழுதார். சாவி அவர் கைக்குள் பத்திரமாகப் போய்விட்டது.

அன்று அவர்கள் இருவரும் காரில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். நாங்கள் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். ஜெயா ஆட்டோவில் ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள். ஏறி உட்கார்ந்ததும் மறுபடி சிரித்தாள். "எப்படிச் சொன்னாவ பாத்தியளா... முடியாதுன்னு!"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் நாம் ஒருவரை ஒருவர் கேட்பதே குறைவு. நல்லதுக்குத்தானே செய்கிறோம், எதற்குக் கேட்க வேண்டும் என்று செய்துவிடுகிறோம். அபூர்வமாகக் கேட்டாலும் 'சரி' என்ற பதிலை மட்டும் எதிர்பார்த்துக் கேட்கிறோம். 'முடியாது' என்ற பதிலுக்கும் இடம் விட்டுக் கேட்டால்தானே அது கேள்வி? ஜெயா அப்படித்தான் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக இன்னும் ஒரு வருஷம் காரில்லாமல் அவளை என் ஸ்கூட்டரில் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் விடவும் நான் தயார்.

ஆனால் முழங்கால் காத்திருக்காது. இப்போது வேறு பழைய கார் தேடிக்கொண்டிருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் பார்க்கப் போனோம். நான் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன், சைலன்சரில் விரலை விட்டுப் பார்த்தேன், அந்தோணிக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். ஜெயா இது எதையும் கண்டுகொள்ளவில்லை. விற்கிறவரிடம் நேராகப் போய் ஒரே கேள்வி கேட்டாள்:

"சார், உங்க வீட்டம்மாகிட்டக் கேட்டாச்சா?"