சாமிக்கு எரிந்த நீல விளக்கு

டிக்கோயாவில் பன்னிரண்டு வருடமாக போட்டோ ஸ்டூடியோ நடத்தும் எனக்கு, ஹட்டனில் நடந்த ஒருநாள் கணினிப் பாதுகாப்பு வகுப்பு தலைக்கேறிவிட்டது. திரும்பி வந்ததும் கடைத்தெருவில் ஒருவரையும் விடவில்லை.

"வைரஸ் வந்தா கம்ப்யூட்டர்ல சொருகியிருக்கிற எல்லாத்தையும் பூட்டிரும். அதனால தனியா சொருகுற டிஸ்க்ல ஒரு பிரதி எடுத்து, எடுத்த கையோட கழட்டி வைங்க!" என்று தேத்தண்ணிக் கடையில்கூட முழங்கினேன். பக்கத்து அச்சுக்கடை டக்ளஸ் மட்டும்தான் கடைசிவரை கேட்டான்.

நானும் எல்லாக் கல்யாணப் படங்களையும் ஒரு டிஸ்கில் பிரதி எடுத்து, வீட்டு அலுமாரியில் பூட்டினேன்.

ஆயுத பூஜை வந்தது. கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தபோது, டிஸ்கும் ஆயுதம்தானே என்று கொண்டுவந்தேன். கறுப்புக் கட்டையாகக் கிடந்தால் சாமிக்கு அது என்னவென்று தெரியுமா? சொருகினேன். நீல விளக்கு அழகாக எரிந்தது. பூஜையில் வைத்ததைக் கலைக்கக்கூடாதென்று அப்படியே விட்டேன்.

மறுநாள் காலை, முதல் வாடிக்கையாளரின் பென் டிரைவைப் போட்டேன். அதிலிருந்த வைரஸால் கம்ப்யூட்டரும் டிஸ்கும் சேர்ந்தே பூட்டிக்கொண்டன.

"ஊருக்கெல்லாம் கழட்டச் சொல்லிட்டு, நீங்க ஏங்க சொருகினீங்க?" என்றாள் மனைவி நிஷாந்தி.

மத்தியானம் டக்ளஸ் ஓடிவந்தான். அதே பென் டிரைவ் அவன் கடைக்கும் போயிருந்தது.

"அண்ணே, கம்ப்யூட்டர் பூட்டிக்கிச்சு. ஆனா டிஸ்க கழட்டி வச்சிருந்ததால மறுபடி வேலைய ஆரம்பிச்சிட்டேன். எல்லாம் உங்க புண்ணியம்! அடுத்த வகுப்பு எப்பண்ணே?"

குங்குமப் பொட்டு அழியாத டிஸ்கைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, "வர்ற ஞாயிறு" என்றேன்.