சுறா எண்ணெய் பூசிய செல்லோ

போன வாரம் விடாத மழை. மழை வந்தால் என் செல்லோப் பெட்டியைத் திறந்து மூக்கை உள்ளே நுழைப்பது என் வழக்கம். வியன்னாவிலும் செய்திருக்கிறேன், மாஸ்கோவிலும் செய்திருக்கிறேன். கூட வாசிப்பவர்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துக்கொண்டு சத்தம் போடாமல் விலகிப்போவார்கள். நான் தேடியதோ சுறா எண்ணெய் வாடையை. ஈரக் காற்று பட்டால் லேசாக எழும்பி வரும். போன வாரம் வரவில்லை.

செல்லோவுக்கும் சுறாவுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். அதற்கு நீங்கள் ராயபுரத்துக்கு வரவேண்டும், சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆன காலத்துக்கு. வாரநாட்களில் ஹார்பர் பக்கம் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் செல்லோ வாசிப்பேன், முக்கால் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய வயலின் மாதிரி இருக்கும். ஊரைவிட்டுப் போன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் கோயிலுக்கு விட்டுப்போன வாத்தியம் அது. ரிக்‌ஷாவில் அதை ஏற்றினால் எனக்கு இடம் இருக்காது. அது உட்கார்ந்து வரும், நான் பக்கத்தில் நடந்து வருவேன்.

எங்கள் வீட்டுக் கூரை ஒழுகும். அதனால் மழைக்காலத்தில் செல்லோ அடுத்த வீட்டில், செங்கேணி அண்ணனின் வலைகளுக்கு நடுவே காய்ந்த மூலையாகப் பார்த்து நிற்கும். அண்ணன் கடலுக்குப் போகிறவர். அவர் மனைவி குப்பம்மா அண்ணி மீன் விற்பவர். கூடை கழுவும்போது நான் வாசித்தால், "நிறுத்தாத, வேல ஓடுது" என்பார். என் முதல் ரசிகை அவர்தான்.

ஓர் ஐப்பசியில் பாதிரியார் கூப்பிட்டனுப்பினார். வெளிநாட்டு இசைக்குழுத் தலைவர் ஒருவர் கப்பலில் போகிற வழியில் ஒரு நாள் மதராஸில் இறங்குகிறாராம். என் வாசிப்பைக் கேட்கச் சம்மதித்துவிட்டாராம். அவருக்குப் பிடித்தால் அவர் ஊரிலேயே தங்கிப் படிக்கலாம். பிடிக்காவிட்டால் ஆயுசுக்கும் டைப்ரைட்டர்தான்.

அவர் வந்திறங்கும் நாளன்று விடிந்தும் விடியாமலும் செல்லோவை எடுக்கப் போனேன். குளத்திலிருந்து அப்போதுதான் ஏறின எருமைக்கன்று மாதிரி பளபளவென்று நின்றது.

"உப்புக் காத்துல வெளுத்துகினே போவுது தங்கச்சி. அதான் நம்ம படகுக்குப் போட்றாப்ல சுறா எண்ண போட்டுக்கீறேன். கவுத்துக்கும் சேத்துதான்" என்றார் அண்ணன். கயிறு என்று அவர் சொன்னது நாலு தந்திகளை. முகமெல்லாம் சிரிப்போடு துடுப்பை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்.

வில்லை வைத்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது. சத்தமே இல்லை. மறுபடி இழுத்ததில் வில்லின் முடிக்கும் எண்ணெய் ஏறியதுதான் மிச்சம். வலைமேலேயே உட்கார்ந்து அழுதேன்.

"இன்னாத்துக்கு அழுவுற? எண்ண தானே?" என்று வந்தார் அண்ணி. அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தந்திகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துத் துடைத்தார். வில்லை வாங்கிப் பார்த்து, "இது இன்னா முடி?" என்றார். குதிரை வால் என்றேன். "இருக்கட்டுமே. முடின்னா முடிதான்" என்று சீயக்காய் போட்டு அலசினார். சாம்பிராணிப் புகையில் காட்டி, தலைமுழுகின பெண்ணுக்குச் செய்வதுபோல விரலால் கோதிக் கோதிக் காயவைத்தார்.

"தொடச்சத உங்கண்ணனாண்ட சொல்லிடாத. ஆசயா பண்ணிக்கீறாரு."

வில்லுக்குப் பூசும் பிசினை வேண்டியமட்டும் தேய்த்துக்கொண்டு போனேன். தந்தி பேசியது. ஆனால் மரத்தில் ஊறினது எங்கே போகும்? வெளிநாட்டுக்காரர் மூக்கைச் சுருக்கினார். கடற்கரை நாற்றம் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தியதும் இரண்டு பங்காயிற்று! ஒரு பாட்டுத்தான் கேட்பேன் என்று உட்கார்ந்தவர், கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே, இன்னொன்று வாசி என்றார். பிறகு இன்னொன்று. என் பிழைப்பு அந்தக் கைக்குட்டையோடுதான் ஆரம்பித்தது. செல்லோவையும் பாதிரியார் எனக்கே கொடுத்துவிட்டார்.

செங்கேணி அண்ணன் கரையேறி வந்து விஷயம் கேட்டதும், "பாத்தியா, நம்ம எண்ண பேசிச்சு!" என்று தெருவுக்கே சொன்னார். அண்ணியும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் தலையாட்டினோம். அதன்பிறகு நான் ஒவ்வொரு தடவை புறப்படும்போதும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நிற்பார். "வாத்தியத்துக்குப் போட்டது இன்னும் ஊறிக்கினே கீதுண்ணா, பெட்டிக்குப் போடுங்க" என்பேன். பெட்டிக்குப் போடுவார். வெளிநாட்டில் வாத்தியம் பழுதுபார்க்கிறவர் ஒருவர், வாடையை எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார். அவரிடம் அப்புறம் நான் போகவே இல்லை.

அண்ணன் போய்விட்டார், அண்ணியும் போய்விட்டார். வலை வைத்திருந்த வீட்டைக் கடல் எடுத்துக்கொண்டது. அங்கே இப்போது கருங்கல் கொட்டியிருக்கிறது. போன வாரம் மழை விட்டதும் காசிமேட்டுக்குப் போய், படகு கழுவிக்கொண்டிருந்த ஒருவரிடம் சுறா எண்ணெய் கிடைக்குமா என்று கேட்டேன்.

"அத்த யாரு ஆயா இப்ப போட்றா? எல்லாம் ஃபைபர் படகு. மெடிக்கல்ல சுறா எண்ண மாத்திர கீது, வாங்கிக்கோ."

வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி, பெட்டியின் உள்துணியில் தடவினேன். செங்கேணி அண்ணனை ஒரு தடவை பார்த்தால் போதும்போல இருந்தது. மூக்கை உள்ளே விட்டுக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் படித்தேன். துளிகூட வாடை வராது என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள்.