ஷமீம் அக்கா ஒத்துக்கொள்ளாத சொல்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து நின்றிருந்தபோது ஷமீம் அக்காவின் தம்பி போனில் பேசினார். அக்காவுக்குக் காலையிலேயே முடிந்துவிட்டது என்றார். நான் தண்டையார்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடக்கமும் ஆகியிருந்தது.

ராயபுரத்தில் கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் எங்கள் அலுவலகத்தில் அக்காவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறு வருடம் அவருடைய மேசைக்கு அடுத்தது என் மேசை. கப்பலில் இருப்பவர்களின் மனைவிமார் வந்து விசாரிப்பார்கள். வெளிநாட்டு முதலாளிகளிடமிருந்து வரும் ஃபேக்ஸைத் தமிழில் சொல்வது அக்காவின் வேலை. 'சூன்' (soon), அதாவது சீக்கிரம், என்ற ஆங்கிலச் சொல் இல்லாத ஃபேக்ஸே கிடையாது. ஆள் சூன் திரும்புவார், கடிதம் சூன் வரும்.

ஒருநாள் மதியம் அலுவலகத்தின் தடித்த அகராதியை எடுத்து அதற்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தார். ஆதியில் அந்தச் சொல்லுக்கு 'இந்தக் கணமே' என்று பொருளாம். 'கொஞ்ச நேரத்தில்' என்பது பிறகு வந்தது. 'ஆஸ் சூன் ஆஸ்' (as soon as) என்று எழுதும்போது மட்டும் பழைய அவசரம் மிச்சம் இருக்கிறது என்றேன் நான்.

"அதுக்கும் 'பாசிபிள்'னு ஒரு வாலு ஒட்டிடுவானுங்க" என்றார் அக்கா. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சொன்னவன் எவனும் செய்யல. வார்த்தை இன்னா பண்ணும், தேஞ்சி போச்சி."

அதன்பிறகு அவர் அதைச் 'சீக்கிரம்' என்று சொல்வதை விட்டுவிட்டார். அப்படி ஒரு ஃபேக்ஸ் வந்தால், சுவர்க் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து அதோடு சேர்த்துக் குத்திவைப்பார்.

காலடிப்பேட்டை கஸ்தூரியின் கணவர் இருந்த கப்பலை முதலாளி ஏதோ ஒரு துறைமுகத்தில் ஆட்களோடு கைவிட்டிருந்தார். சீக்கிரம் வருவார் என்று சொல்லி அனுப்பச் சொன்னார் மேனேஜர். கஸ்தூரியும் அதைத்தான் கேட்டாள்.

"சீக்கிரம்னு போட்டுக்கீதாக்கா?"

"போட்டுக்கீது. தேதி போடல. பொங்கலுக்கும் இதேதான் போட்டிருந்தாங்க, பாரு."

தாள் குத்திய ஃபேக்ஸ்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினார். கஸ்தூரி தேதிகளை விரல்விட்டு எண்ணினாள். பிறகு நகல் கேட்டாள். அக்கா தானே போய் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அந்தக் கட்டோடு மற்ற மனைவிமாரையும் சேர்த்துக்கொண்டு அவள் அரசாங்க அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். ஆடி முடிவதற்குள் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள், பாதி உடம்பாக.

அக்காவைப் பழைய கோப்புகள் கிடக்கும் பின்னறைக்கு மாற்றினார்கள். "இங்க யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல, நிம்மதியாகீது" என்றார். அந்த அறையில் ஜன்னல் இல்லை. அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. எனக்கு வேலை வேண்டியிருந்தது. வந்த பெண்களிடமெல்லாம் சீக்கிரம், சீக்கிரம் என்று சொன்னேன். ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். சீக்கிரம் வருகிறேன் என்றேன். சிரித்தார்.

"தேதி சொல்லுமே."

நான் சொல்லவில்லை. போகவும் இல்லை.

இன்று காலை ஒரு ஃபேக்ஸ் வந்தது. காலண்டர் தாளைக் கிழித்து அதில் குத்தினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம் ஒன்றுதான். பத்து மணிக்கு ஒரு பெண் வந்து எதிரில் நின்றாள். தேதி போடவில்லை என்று அவளிடம் சொன்னேன்.