பிரெஞ்சுக்காரரின் துறைமுகக் கொப்பிகள்

விசர் வேலை ஒன்றைச் செய்துவிட்டு, நல்ல மனதோடுதான் செய்தேன் என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

எண்பத்தைந்தில், ஆக்லாந்துத் துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் குடியிருந்த ஒரு பிரெஞ்சு ஓவியரின் வீட்டில் வேலை செய்தேன். மவுண்ட் வெல்லிங்டனிலிருந்து பஸ்ஸில் போய், கூட்டித் துடைத்து, மத்தியானத்துக்கு சூப் வைத்துக் கொடுத்துவிட்டு வருவேன். ஊரில் நான் ரீச்சர். அது தெரிந்த நாளிலிருந்து என்னை 'மதாம்' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் விசாவுக்கு நற்சான்றுக் கடிதம் எழுதித் தந்தவரும் அவர்தான்.

மீன்பிடி ஊர் ஒன்றில் பிறந்து, சரக்குக் கப்பலில் சமையற்காரராக வந்தவர். இந்தத் துறைமுகத்தில் இறங்கியவர் பிறகு ஏறவே இல்லை. துறைமுகத்தைத் தவிர வேறு எதையும் அவர் வரைந்ததுமில்லை. காலையில் ஜன்னலடியில் பைனாகுலரோடு உட்கார்ந்து, நோட்டுக் கொப்பியில் பென்சிலால் படம் கீறுவார். என்ன மணி, நீர் வற்றா பெருக்கா, எந்தப் படகு எந்தப் பக்கம் போனது, தண்ணீர் என்ன நிறம், எல்லாம் ஓரத்தில் பிரெஞ்சில் எழுதுவார். அவற்றைப் பார்த்துத்தான் பின்னறையில் வர்ணம் பூசுவார். நாற்பத்தொரு கொப்பிகள், ஓர் அப்பிள் பெட்டி நிறைய. அந்த வருடம் அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. நிறமெல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறதாம். "இனி என் கண் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, மதாம். தூசு தட்டும்போது கவனம்" என்பார்.

ஜூலையில் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலுக்குக் குண்டு வைத்தார்கள். ஓர் ஆள் செத்துப்போனார். செய்தது பிரெஞ்சுக்காரர் என்று பேப்பரில் வந்ததும் தெருவே மாறிப்போனது. யாரோ அவர் கேற்றில் முட்டை எறிந்திருந்தார்கள். தெருமூலையில் டெயரி என்கிற சின்னக் கடை வைத்திருந்த பெண், பாலைத் தந்துகொண்டே, "உன் கிழவர் பைனாகுலர் வைத்துக்கொண்டு நாள் முழுக்க என்ன எழுதுகிறார்?" என்று கேட்டாள். மிச்சக் காசைக்கூட வாங்காமல் நடந்தேன்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"விசா கையில வரும்வரைக்கும் நீ அங்க போகாத."

"அந்தாள் ஒரு எறும்பைக்கூட மிதிக்காதப்பா."

"நாங்கள் மட்டும் மிதிச்சனாங்களே? எங்களை விட்டவங்களே?"

அவர் சொன்னது ஊரில் என் தம்பிக்கு நடந்ததை. அவன் சர்வே படித்தவன். கடலேரியை அளந்து, கொப்பியில் படம் கீறி, நேரமும் ஆழமும் குறித்து வைத்திருந்தான். வீட்டைச் சோதிக்க வந்த ஆமிக்காரன் அந்தக் கொப்பியை விரித்துப் பார்த்தான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழு மாதம் கழித்து வந்தவனுக்கு வலது கையால் சோறு பிசைய முடியவில்லை. அவர்கள் வருவதற்கு முன் அதை அடுப்பில் போடாமல் விட்டோமே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதா.

மறுநாளும் நான் போனேன். பிடிவாதம்தான். ஓவியர் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"பதினொரு மணிக்குப் பொலிஸ் வருகிறது, மதாம். ஒரு கேக் வாங்கிவருகிறேன்."

கேக்! இந்த மனுசனுக்கு மூளை இருக்கிறதா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எதற்கு வருகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே!

மணி பத்தேகால். பெட்டியைத் திறந்து மேல் கொப்பியை விரித்தேன். இறங்குதுறை, கப்பல், மணி, அம்புக்குறி. தம்பியின் கொப்பியேதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த வளவுக்கு ஓடினேன். குப்பை எரிக்கிற கொங்கிரீட் அடுப்பு அங்கே வீட்டுக்கு வீடு இருந்த காலம். தடித்த தாள், லேசில் பற்றவில்லை. பின்னறையிலிருந்து அவருடைய டர்பன்டைனையே எடுத்து ஊற்றினேன். கிளறக் கிளற நடுப்பக்கங்கள் வெள்ளையாகவே கிடந்தன. தெருவில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் கேற்றை எட்டிப் பார்த்தேன். கடைசிக் கொப்பி கருகி முடிய, கேற் திறந்தது.

அவரும் பொலிசும் ஒன்றாகவே வந்தார்கள். வந்த அதிகாரி வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்தார். சப்பாத்துக் கழற்றும் பொலிசை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ஒவ்வொரு படகையும் நேரத்தோடு குறித்து வைப்பீர்களாமே? இந்த ஊரில் வேறு யாரிடமும் அது இல்லை. பார்க்கத் தருவீர்களா? எங்களுக்குப் பெரிய உதவி" என்றார்.

கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அந்தக் கொப்பிகளை யாரும் பார்க்கக் கேட்டதில்லை. பின்னறைக்குப் போனார். வெறும் கையோடு வந்தார். என் கையைப் பார்த்தார். மணிக்கட்டுவரை கரி.

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் விசா என்னாகும் என்ற யோசனைதான் எனக்கு.

"நான்தான் எரித்தேன்" என்றார் அவர். "போன வாரம். நல்ல படங்கள் இல்லை."

அதிகாரி ஜன்னல் வழியே பார்த்தார். பின்வளவில் இன்னும் புகை போய்க்கொண்டிருந்தது. அவர் முகம் மாறியது. எதையோ எழுதிக்கொண்டு, கிழவரின் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினார். கேக்கை யாரும் தொடவில்லை.

அதிகாரி போனபின் கிழவரிடம் தம்பியின் கதையை அழுதழுது சொன்னேன். முழுவதையும் கேட்டார். "உங்கள் தம்பிக்காக வருந்துகிறேன், மதாம். இனி வரவேண்டாம்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருக்கலாம்.

அடுத்த நாள் காலை, கணவரிடம் சொல்லாமல், நானே பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். உள்ளே காலெடுத்து வைக்கவே அரைமணித்தியாலம் பிடித்தது. அதே அதிகாரிதான். நடந்ததைச் சொன்னேன். தான் எழுதியிருந்ததைக் கோடு போட்டு வெட்டினார். பாஸ்போர்ட்டை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"அவற்றைக் கையில் எடுத்த ஆள் நீங்கள் ஒருவர்தான். என்ன படங்கள் இருந்தன?"

மாதக்கணக்காக அந்தப் பெட்டிக்குத் தூசு தட்டியிருக்கிறேன். மணியும் அம்புக்குறியும் ஞாபகம் வந்தன. படம் ஒன்றுகூட வரவில்லை.