அக்காவின் புதன்கிழமை மதியங்கள்

என் அக்கா நர்சிங் இரண்டாம் வருடம் படித்தபோது எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் ஓர் எலும்புக்கூடு தொங்கியது. படம்தான். ஆனாலும் அரைத் தூக்கத்தில் பல் தேய்க்கப் போனால் பகீரென்று இருக்கும். அப்பா பஸ் ஓட்டுகிறவர். காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது அதற்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் போவார். ஃபிரிட்ஜ் கதவில் இதயம், அலமாரிக் கண்ணாடியில் நரம்பு மண்டலம், நானும் அவளும் படுக்கும் கட்டிலுக்கு மேலே இரண்டு சிறுநீரகம்.

காரணம் இதுதான். முதல் வருடத்தில் உடற்கூறியலில் அக்கா ஃபெயிலாகிவிட்டாள். நாலே மார்க்கில் போனது. அதை இரண்டாம் வருடப் பாடங்களோடு சேர்த்து மறுபடி எழுத வேண்டும். இந்த முறையும் போனால் ஒரு வருடம் வீண். பள்ளிக்கூடத்தில் முதல் மூன்று பேருக்குள் வராமல் இருந்ததே இல்லை அவள். ஃபெயில் என்பது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வரும் வியாதி என்று நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருவதை முதலில் நிறுத்தினாள்.

"நான் வந்து அட்டெண்டன்ஸ் போட்டாத்தான் ஆண்டவருக்குத் திருப்தியாம்மா? அந்த ரெண்டு மணி நேரத்துல ஒரு பாடம் முடிச்சிடுவேன்."

அம்மா மல்லுக்கு நிற்கவில்லை. "சரி, நீ படி. உனக்கும் சேத்து நான் பாடிட்டு வரேன்."

"ஐயையோ, நீ ஒருத்திக்குப் பாடுறதையே சபை தாங்க மாட்டேங்குது" என்றார் அப்பா.

அக்கா சிரிக்கவில்லை. அந்த நாட்களில் அவள் எதற்குமே சிரிக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. தலை வாரினால் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. "டீ வேணுமா?" என்று கேட்டால் ஏதோ ஒரு எலும்பின் பெயரைப் பதிலாகச் சொன்னாள்.

இந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை அது நடந்தது. ஆண்கள் வார்டில் அவளுக்குப் பயிற்சி. ஆறாம் கட்டிலில் முழங்கால் ஆபரேஷன் முடிந்த தபால்காரர் ஒருவர் படுத்திருந்தார். அவருக்குப் பிரஷர் பார்க்க வேண்டும். கையில் பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் கேட்கவில்லை. "என் நெஞ்சு அடிச்சுக்கிற சத்தம்தான் கேட்டுது" என்று பின்னால் என்னிடம் சொன்னாள். கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் முடித்துவிட்டு அடுத்த வார்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். காலையில் யாரோ எழுதியிருந்த கணக்கை ஒரு பார்வை பார்த்தாள். அதை ஒட்டி நூற்று முப்பதுக்கு எண்பது என்று எழுதிவிட்டாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்று தபால்காரர் கேட்டார்.

"நல்லா இருக்கு ஐயா."

"ரொம்ப நன்றிம்மா."

அந்த நன்றிதான் அவளைக் கொன்றது. மறுநாள் ஓடிப்போய்ப் பார்த்தாள். முந்தின நாள் மாலையில் வேறு நர்ஸ் பார்த்து எழுதிய கணக்கும் சரியாகவே இருந்தது. அவருக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. ஆனால் அவள் எழுதிய பொய் அந்தத் தாளில் அப்படியே இருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரே பக்கத்தைப் பதினோரு தடவை படித்தும் தலையில் ஏறவில்லை.

புதன்கிழமை மதியம் யார் கண்ணிலும் படாமல் எங்காவது உட்கார வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதிக்கும் கேன்டீனுக்கும் நடுவே ஒரு சின்ன ஜெப அறை உண்டு. நூறு தடவை தாண்டிப் போயிருக்கிறாள். உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பார்த்தால், ஆராதனை ஆரம்பிக்கும் நேரம். வாரம் ஒருமுறை, வேலை பார்க்கிறவர்களுக்காக அரை மணி நேரம். எழுந்து போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். பாஸ்டர் ஒரு பெண். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஹெல்மெட்டை வேதப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார். முன் பெஞ்சில் ஆம்புலன்ஸ் டிரைவர். சைரனோடு வருடக்கணக்கில் பழகியதாலோ என்னவோ, அவருக்கு எந்தப் பாட்டானாலும் ஒரே சுருதிதான். அந்தச் சத்தத்திலும் அக்காவுக்குக் கண்ணைச் சுழற்றியது. பிரசங்கம் தொடங்கி இரண்டாவது நிமிஷத்தில் சாய்ந்தவள்தான்.

கண் விழித்தபோது அறை காலி. துப்புரவு வேலை செய்யும் பெரியம்மா (ஆஸ்பத்திரி முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும்) அவள் காலைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிச்சிட்டியாம்மா? கிளாசுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. ஒண்ணே கால் வரைக்கும் எழுப்பாதீங்கன்னு டிரைவர் சொல்லிட்டுப் போனாரு."

"ஐயோ, பிரசங்கத்துல தூங்கிட்டேன். பாஸ்டர் பாத்தாங்களா?"

"பாக்காம? அவங்க வீட்டுக்காரரு வாராவாரம் தூங்குவாராம். விடுங்க, பாவம்னு சொல்லிட்டாங்க."

அக்கா சிரித்தாள். எத்தனையோ வாரம் கழித்து.

அடுத்த புதனும் போனாள். "தூங்கத்தான் போனேன்" என்பாள். ஆனால் அன்றைக்கு விழித்திருந்தாள். பாவ அறிக்கை ஜெபத்துக்கு முன்னால், "ஒரு நிமிஷம் அவங்கவங்க மனசுக்குள்ள பேசுங்க" என்றார் பாஸ்டர். பெஞ்சுகளில் அசைவே இல்லை.

"பாஸ் பண்ண வைங்கன்னு கேக்கத்தான்டி நெனச்சேன். மனசுல வந்தது என்னவோ நூத்தி முப்பதுக்கு எம்பது" என்றாள் என்னிடம். "யாரும் என்னைத் திட்டல. ஆனா அங்க உக்காந்து பொய்யை மூடி வைக்கவும் முடியல. ஆண்டவர்கிட்ட சொன்னேன். சொன்னதும் அப்படி ஒரு அமைதி. பயம் போயிடல. ஆனா பயத்தோட எந்திரிச்சு நடக்க முடியும்னு இருந்துச்சு."

ஆசீர்வாதம் முடிந்ததும் கேன்டீனுக்குப் போகாமல் நேரே ஹெட் சிஸ்டரிடம் போனாள். அவர் டியூட்டி அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், போன வாரம் ஆறாம் பெட்டுக்கு நான் எழுதின பிரஷர் கேட்டு எழுதினது இல்ல. எனக்குக் கேக்கல. குத்துமதிப்பா எழுதிட்டேன்."

ஹெட் சிஸ்டர் பேனாவை மூடி வைத்தார். "யாரும் கண்டுபிடிக்கலையே. ஏன் இப்ப வந்து சொல்ற?"

"யாரும் கண்டுபிடிக்காததுதான் சிஸ்டர் தாங்க முடியல."

"இதைவிடப் பெரிய தப்பு இந்த வார்டுல கிடையாது. தெரியுமா?"

"தெரியும் சிஸ்டர்."

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லத் தெரியணும். அதுக்குத்தான் நாங்க இருக்கோம். போய் முகத்தைக் கழுவிட்டு வா."

தண்டனை இருந்தது. தாளில் அந்தக் கணக்கை அடித்துத் திருத்தினார்கள். வீட்டில் கையெழுத்து வாங்கி, கல்லூரிக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் அவள் எதையும் தனியாக எழுதக் கூடாது. தினமும் முப்பது பேருக்குப் பிரஷர் பார்க்க வேண்டும், இன்னொருவர் சரிபார்ப்பார். தபால்காரர் அதற்குள் வீடு திரும்பியிருந்தார். ஹெட் சிஸ்டரே போன் செய்து, சுகமாக இருக்கிறார் என்று கேட்டுச் சொன்னார்.

அன்று சாயங்காலம் எங்களிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு, "அந்த லெட்டர்ல அப்பா கையெழுத்து வேணுமா? குடு" என்றார். அக்கா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வந்து அம்மா பக்கத்தில் நின்று பாடினாள். அம்மாவின் குரலைப் பற்றி அப்பா சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு என்று வீட்டுக்கு வந்து ஒத்துக்கொண்டாள்.

பரீட்சை பயம் அப்போதும் இருந்தது. ஆனால் வாரத்தின் நடுவே அந்த அரை மணி நேரம் இருந்தது. "எந்திரின்னா எந்திரிக்கணும், பாடுன்னா பாடணும், கேக்கணும். அவ்வளவுதான். அங்க யாரும் மார்க் போட மாட்டாங்க" என்பாள்.

ஆராதனை முடிந்ததும் அங்கே இருக்கிறவர்களுக்கும் பிரஷர் பார்க்கத் தொடங்கினாள். டிரைவருக்கு ஒழுங்காக இருந்தது. பெரியம்மா கையில் பட்டையைச் சுற்றியபோது சத்தம் தெளிவாகக் கேட்டது: நூற்று எழுபத்தெட்டு. சந்தேகப்பட்டு மறுபடி பார்த்தாள். அதேதான்.

"தலை வலிக்குதா பெரியம்மா?"

"அது வலிச்சு வலிச்சுப் பழகிடுச்சு."

"பழகக் கூடாது. வாங்க" என்று கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு வந்து, "எனக்குக் கேட்டுச்சுடி! நல்லா கேட்டுச்சு!" என்று என்னை உலுக்கினாள்.

உடற்கூறியலில் பாஸ் மார்க்கைவிட ஆறு மார்க் கூடுதலாக வாங்கித் தேறினாள். முதல் மூன்று பேருக்குள் இல்லை, முப்பது பேருக்குள்ளும் இல்லை. கேன்டீனில் ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கி ஜெப அறைக்குக் கொண்டுபோனாள்.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. புதன்கிழமை மதியத்தில் மட்டும் அவளுக்கு யாரும் போன் செய்யக் கூடாது. போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். கடைசிப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வரி விடாமல் பாடினாள். ஆசீர்வாதம் முடிந்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு, "நீ மெதுவா வா. ரெண்டாம் பெட்டுக்குக் கட்டு மாத்துற நேரம்" என்று சொல்லிவிட்டு, முகம் மலர, வார்டைப் பார்க்க வேகமாக நடந்தாள்.