சீப்பக்காவின் நான்காவது சரம்

முதலில் மோந்து பார்ப்பார். வியாபாரி கொண்டுவந்த முடிக்கட்டை உறையிலிருந்து உருவி, மூக்கருகே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு இழுப்பு. "இது அடுப்படிப் புகையிலயே கெடந்த முடி" என்பார். "இது எண்ணெயையே கண்ணால பாக்காத முடி." பிறகு அதிலிருந்து ஒரு இழையைப் பிரித்தெடுத்துத் தீக்குச்சியைக் காட்டுவார். பொசுங்கி, விரலில் சாம்பலாக உதிர்ந்தால் கட்டு மேசைக்குப் போகும். உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக நின்றால் அது நைலான், வியாபாரியின் பைக்கே திரும்பும். "அண்ணே, இதைக் கொண்டுபோய் பொம்மைக் கடையில குடுங்க. புண்ணியமாப் போகும்."

எங்கள் அம்மாவின் அழகு நிலையத்தில், திரைக்குப் பின்னால் இருக்கும் உள்ளறை அவருடையது. ஒரு சுழல் நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு தையல் இயந்திரம், ஆணிகள் முளைத்த ஒரு பலகை, எனக்கு ஒரு ஸ்டூல். பள்ளி முடித்து, அடுத்து எங்கே என்று முடிவாகாத இந்த மூன்று மாதத்தில் நான் அதிகம் உட்கார்ந்திருந்த இடம் அந்த ஸ்டூல்தான்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. கடையில் எல்லாருக்கும் சீப்பக்கா. வால் நீண்ட ஒரு சீப்பு எப்போதும் அவர் கொண்டையில் செருகியிருக்கும். அது அங்கே இருப்பதை மறந்துவிட்டு இழுப்பறை, மேசைக்கு அடி, வாடிக்கையாளரின் மடி என்று எல்லா இடத்திலும் தேடுவார். "இப்பத்தான இங்க வெச்சேன், கால் மொளைச்சிருச்சா?" யாரும் சொல்ல மாட்டோம். தானாகக் கண்டுபிடிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

சில பெரியவர்கள் வாசலில் நின்று, "இங்க சவுரி கட்டுவாங்களாமே?" என்று விசாரிப்பார்கள். சீப்பக்காவுக்குச் சுள்ளென்று வரும். "சவுரி பின்னல்ல தொங்கும்மா. நான் வெக்கிறது தலையில மொளைச்ச மாதிரி இருக்கும்." அவர் சொல்வதில் மிகை இல்லை. நிறம் பார்க்க ஆளை வாசலுக்கே இழுத்துவந்துவிடுவார். கடையின் விளக்கு வெளிச்சத்தை அவர் நம்புவதில்லை. தெருவில் நிற்கவைத்து, உச்சியை விட்டுவிட்டு நுனியோடு நிறத்தைப் பொருத்துவார். வெயிலும் தண்ணீரும் பட்டு நுனி எப்போதும் ஒரு படி வெளுத்திருக்கும், புது முடி வந்து சேரப்போவது அங்கேதான் என்பது அவர் கணக்கு. எதிர்க்கடைக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். "பாத்தா பாக்கட்டும், அவங்க வெளிச்சத்தையா கடன் வாங்குறோம்?"

வைத்து முடித்ததும் வெட்டு. கத்தரிக்கோலைக் குறுக்கே பிடிக்கவே மாட்டார். நிமிர்த்திப் பிடித்து, நுனியால் கொத்திக் கொத்தி எடுப்பார். சொந்த முடி எங்கே நிற்கிறது, வந்த முடி எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிட்டால் அவர் பாஷையில் அது 'படிக்கட்டு'. அதைவிடப் பெரிய வசவு அவரிடம் கிடையாது.

எல்லாருக்கும் வைத்துவிடவும் மாட்டார். முழங்கால் வரை வேண்டும் என்று கேட்ட ஒரு பெண்ணிடம், "உங்க உயரத்துக்கு அது முடி இல்லம்மா, ஜன்னல் திரை" என்றார். மிகவும் மெலிந்த முடியோடு வந்த ஒருவரிடம், "இதுல கிளிப்பை மாட்டினா கொசுவலையில குடையைத் தொங்கவிட்ட மாதிரி ஆயிரும். இருக்கிறதும் வேரோட வந்துரும். ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அம்மா வெளியே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

முகம் அவருக்கு ஞாபகம் இருக்காது. இரண்டு முறை வந்தவர் வணக்கம் சொன்னாலும் யார் என்று விழிப்பார். "கொஞ்சம் திரும்பி நில்லுங்க" என்பார். பின்தலையைப் பார்த்ததும், "அட, இடது பக்கம் சுழி, காதுக்குப் பின்னாடி மச்சம்! நீங்களா? பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடங்கும்.

அவர் கணவர் லாரி ஓட்டுபவர், தலையில் பொட்டு முடி இல்லை. அதைப் பற்றி யாராவது கிண்டல் செய்தால் சீப்பக்கா கோபப்படுவதில்லை. "வீட்டுக்குப் போனா கண்ணுக்கு ஓய்வு வேணாமா?" மகன் ஒருநாள் சாப்பாட்டு டப்பாவிலிருந்து நீளமாக ஒரு முடியை உருவி, "அம்மா, இது யாரோடது?" என்று தூக்கிக் காட்டினானாம். இவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "செவ்வாக்கெழம வந்த டீச்சரோடது. நீ சாப்பிடு" என்றாராம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவரிடம் விளையாட்டே கிடையாது. வாங்கிப்போன முடி சிக்காகிவிட்டது என்று யாராவது வந்தால், உட்காரச் சொல்வதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். "சிக்கு விழுந்தா அது சீவுன கையோட தப்பு. நுனியில ஆரம்பிச்சு மேல போகச் சொன்னேன். நீங்க மேல இருந்து இழுத்திருக்கீங்க." இல்லை என்று சொல்லிப் பார்ப்பார்கள். கடைசியில் ஒத்துக்கொள்வார்கள். பதினோரு வருடமாக அப்படித்தான் நடந்திருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன் அக்கா தங்கை இருவர் வந்தார்கள். தங்கை ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். டைபாய்டு வந்து பிழைத்தவளுக்கு, காய்ச்சல் போன பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியிருந்தது. தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். சீப்பக்கா அதை அவிழ்த்துப் பார்த்து, கொட்டுவது நின்றுவிட்டது, மிச்ச முடி கிளிப்பைத் தாங்கும் என்றார். அக்காவுக்கு இடுப்பைத் தாண்டிய முடி. நாற்காலியில் உட்கார்ந்தது அக்காதான்.

"வெட்டுங்க. வெலைக்கு வாங்குறது யாரோடதோ. என்கிட்ட இவ்ளோ இருக்கிறப்போ எதுக்கு?"

"வேணாங்க்கா" என்றாள் தங்கை.

"சும்மா இருடி. தலை துவட்டியே என் கை ரெண்டும் போச்சு."

சீப்பக்கா கத்தரிக்கோலை எடுக்கவில்லை. "வீட்டுக்காரர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா விடமாட்டார். வெட்டிட்டுச் சொல்லிக்கிறேன்."

அக்காவின் வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை என்றும், மூன்றாம் நாள் "தலை இப்ப லேசா இருக்கா?" என்று மட்டும் கேட்டார் என்றும் பிறகு தங்கை சொல்லித் தெரிந்துகொண்டோம்.

சீப்பக்கா அந்த முடியை ஆறு பிடியாகப் பிரித்து, வெட்டும் முன்பே ஒவ்வொரு பிடியின் வேர்ப்பக்கத்திலும் சிவப்பு நூல் கட்டினார். காரணம் கேட்டேன். முடிக்கு வேர்ப்பக்கம், நுனிப்பக்கம் என்று இருக்கிறது, வெட்டிய பிறகும் அது மாறாது என்றார். ஒவ்வொரு இழையின் மேலும் மீனுக்கு இருப்பது போல் செதில், ஒரே திசையில் படுத்திருக்கும். வேரிலிருந்து நுனிக்கு விரலை ஓட்டினால் வழுக்கும், எதிர்ப்பக்கமாக ஓட்டினால் லேசாகத் தடுக்கும். கொஞ்சம் முடி தலைகீழாகக் கலந்துவிட்டால் காய்ந்திருக்கும் வரை ஒன்றும் தெரியாது. தண்ணீர் பட்டதும் செதிலும் செதிலும் கொக்கி போட்டுக்கொள்ளும். ஆறு பிடியையும் அலசி, உலர்த்தி, ஆணிப்பலகையில் இழுத்துச் சீவி, இயந்திரத்தில் ஆறு சரங்களாகத் தைத்தார். சரம் என்றால் பூச்சரம் போலத்தான், நூலுக்குப் பதில் மெல்லிய நாடா, பூவுக்குப் பதில் முடி. ஒவ்வொன்றிலும் மூன்று சிறிய கிளிப், நாடாவின் ஓரத்தில் மாட்டும் வரிசைக்கு ஒரு எண்.

சரங்களை மாட்டி, வெட்டிச் சீராக்கி, நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பியபோது தங்கை ஒரு பிடியைத் தோளுக்கு முன்னால் இழுத்துப் பார்த்தாள். பிறகு, "என்னோடது மாதிரியே இருக்கு" என்றாள்.

"பின்ன? ஒரே வீட்டு நெறம்" என்றார் சீப்பக்கா.

தலையில் கட்டி வந்த துணியை அவள் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் திரும்பி வந்தாள். தலையில் வேறொரு துணி. கையில் பிளாஸ்டிக் பை. முன்னறையில் அம்மா பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கறாரான குரலுக்கு மாறினார். "கழுவுற முறையைத் தாள்லயே எழுதிக் குடுத்திருக்கோம்மா. அதுக்கு மேல நாங்க என்ன பண்ண முடியும்?"

"உங்களைக் குத்தம் சொல்ல வரலைங்க. நேத்து முதல் தடவையாக் கழுவுனேன். நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்."

உள்ளே வந்தாள். சீப்பக்கா பையை வாங்கினார். மேலே இருந்த சரம் தூக்கணாங்குருவிக் கூடு போல் உருண்டிருந்தது.

"மேல இருந்து இழுத்தியா?"

"இல்லக்கா, நுனியில இருந்துதான்..." அவள் நிறுத்தினாள். "இழுத்திருப்பேன் போல. வேலைக்கு நேரமாச்சுன்னு அவசரத்துல சீவுனேன். நாளைக்கு எங்க அக்கா வர்றா. காலையில இருந்து போன் பண்றா, நான் எடுக்கவே இல்ல. அவ முடியை நான் ஒரே மாசத்துல நாசம் பண்ணிட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"எத்தனை தடவை சொல்றது, சிக்கு விழுந்தா அது..." என்று தொடங்கிக்கொண்டே சீப்பக்கா மற்ற சரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார். முதலாவது வழவழவென்று விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது, ஆறாவது எல்லாம் அப்படியே. கூடு கட்டியிருந்தது நான்காவது மட்டும். அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

ஒரே கை, ஒரே சீப்பு, ஒரே தண்ணீர். சீவியதில் தப்பு என்றால் ஆறும் கெட்டிருக்க வேண்டும். இது எனக்கே புரிந்தது.

சீப்பக்கா அந்த உருண்டையின் ஓரத்திலிருந்து பத்துப் பதினைந்து இழைகளை நகத்தால் பிரித்தெடுத்தார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேலிருந்து கீழே ஓட்டினார். கீழிருந்து மேலே ஓட்டினார். இன்னொரு இடத்தில் பிரித்து ஓட்டினார். அப்புறம் தன் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ரோஜா நிறத்தில் ஒரு தழும்பு, பயறு அளவுக்கு. இந்தச் சரங்களைத் தைத்த வாரத்தில், வேறொருவருக்கு முடி ஒட்டும்போது சூடான பசை பட்டு வெந்த இடம். நான்தான் கட்டுப் போட்டுவிட்டேன். அலசி உலர்த்திய பிறகு ஒரு பிடியில் சிவப்பு நூல் அவிழ்ந்து பாதி முடி மேசையில் சிதறியதும், அவர் கட்டுப் போட்ட விரலை மடக்கிக்கொண்டு மற்ற விரல்களால் தடவிப் பார்த்து, "சரியாத்தான் இருக்கு" என்று சேர்த்துக் கட்டியதும் எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும்.

அவர் சும்மா இருந்திருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது. அம்மா சொல்லியாகிவிட்டது. அந்தப் பெண்ணே ஒத்துக்கொண்டாகிவிட்டது.

"நீ சரியாத்தான் சீவியிருக்க" என்றார் சீப்பக்கா.

"என்னக்கா?"

"கையைக் கொண்டா." அவள் விரல்களுக்கு நடுவே இழைகளை வைத்து, தன் கையால் பிடித்து ஓட்டிக் காட்டினார். "இது வழுக்குதா? சரி. இப்ப அதே பக்கமா இதை ஓட்டு. தடுக்குதா? இது தலைகீழா நிக்கிது. வேரும் நுனியும் கலந்துபோச்சு. இதை எந்த மகராசி சீவினாலும் சிக்குத்தான் விழும். கலந்தது நான்."

திரையை விலக்கி அம்மா எட்டிப் பார்த்தார். "சீப்பு, யோசிச்சுப் பேசு. பதினோரு வருசத்துல ஒரு தடவை இப்படி ஆனதுண்டா?"

"தெரியலையேக்கா. ஒருத்தரையும் பேசவிட்டதில்லையே நான்."

அம்மா என்னைப் பார்த்தார், நான் ஸ்டூலைப் பார்த்தேன். திரை மூடிக்கொண்டது.

"திரும்ப நேராக்க முடியுமாக்கா?" என்று தங்கை கேட்டாள்.

"இழை இழையாப் பிரிக்கணும். பாதிக்குப் பாதி அறுந்துரும். மிச்சம் இருக்கிறதை மத்த அஞ்சுல சேத்துத் தைக்கலாம். நாளைக்குள்ள ஆகாது. பொய் சொல்ல மாட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் முகத்தில் இருந்த பயம் போகவில்லை. அப்போது அவள் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். திரையில் 'அக்கா' என்று இருந்தது. அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

"என்ன சொல்றதுன்னே தெரியல" என்றாள்.

சீப்பக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். "இங்க குடு."

"வேணாங்க்கா, அவ திட்டுவா. கோவம் வந்தா கண்டபடி பேசுவா."

"பேசட்டும். இவ்ளோ வருசமா நான் பேசலையா? குடு."

போனை வாங்கி, பச்சையை அழுத்தினார். "ஏன்டி, செத்தா போயிட்ட? எத்தனை தடவைடி அடிக்கிறது?" என்ற குரல் எனக்கே கேட்டது.

"உங்க தங்கச்சி பக்கத்துல இருக்கா. நான் முடி வெக்கிறவ பேசுறேம்மா. உங்க முடியில ஒரு சரம் கெட்டுப்போச்சு. அவ கெடுக்கல, நான் தலைகீழாத் தெச்சுட்டேன்."

மறுமுனையில் வசவு தொடங்கியது. வார்த்தைகள் பிடிபடவில்லை, வேகம் மட்டும் கேட்டது. சீப்பக்கா குறுக்கே பேசவில்லை. "ம்" என்றார். இன்னொரு "ம்". போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, நான்காவது சரத்தை மடியில் போட்டு, ஊசிமுனையால் நாடாவின் முதல் தையலைப் பிரித்தார்.